வரிக்கு வைத்த தேனீ

கவர்னரை நான்தான் சுட்டேன். நரி என்று நினைத்துச் சுட்டுவிட்டாள், கை தவறிவிட்டது என்றெல்லாம் ஊரில் எனக்காகப் பூசி மெழுகுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மெழுக வேண்டாம். வேலிக் கம்பத்தில் துப்பாக்கியைச் சாய்த்து, மூச்சை அடக்கி, நெற்றியில் குறிவைத்துத்தான் சுட்டேன். கவர்னர் என்பது என் தம்பி ஆல்வினுடைய கிடாய். கண்டதையெல்லாம் மேய்ந்துவிட்டு யாருக்கும் பதில் சொல்லாத பிறவி என்பதால் அவனே வைத்த பெயர் அது. மூன்றாவது தடவையாக என் வேலியை முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, என் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்திருந்த ஓக் கன்றை அடிவரைக்கும் கடித்துத் தின்றுகொண்டிருந்தது.

வெடிச்சத்தம் கேட்டு ஆல்வின் கையில் ஸ்பேனரோடு ஓடிவந்தான். கிடாயைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். என் டிரக்கின் முன்கண்ணாடியை அடித்து நொறுக்கினான். நான் பிளாஸ்க்கைத் திறந்து சூட்டோடு காப்பியை அவன் மேல் வீசினேன். அவன் என் கையை முறுக்க, நான் அவன் மணிக்கட்டைக் கடிக்க, அவன் பெண்டாட்டி வெல்டா ஓடிவந்து ஆடு குடிக்கிற வாளித் தண்ணீரை எங்கள் இரண்டு பேர் தலையிலும் கொட்டினாள்.

“அறுபது வயசாச்சு ரெண்டு கழுதைக்கும்! தூ!” என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கவர்னரை நாள் முழுக்கப் புகையில் வாட்டி, மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து தின்றோம். கறி செருப்புத் தோலாக இருந்தது. “செத்தும் பழி வாங்குறான் பாரு,” என்று ஆல்வின் தாடையைத் தேய்த்துக்கொண்டான். எங்கள் வோகஸ் குடும்பத்தில் சண்டை என்றால் அவ்வளவுதான். அடித்துக்கொள்வோம், சேர்ந்து தின்போம்.

எங்கள் அப்பா இறந்தபோது மேட்டு நிலம் ஆல்வினுக்கும், ஓடைக்கரை எனக்கும் வந்தது. டெக்சாஸ் மலைநாட்டில் எங்கள் ஜெர்மன் முன்னோர்கள் வந்து இறங்கிய நாளிலிருந்து ஆடுதான் பிழைப்பு. ஆடு தின்று தின்று புல் போயிற்று, புல் போனதால் மண் போயிற்று, இப்போது வெள்ளைச் சுண்ணாம்புக் கல் பல்லை இளித்துக்கொண்டு கிடக்கிறது. என் புருஷன் இறந்த பிறகு நான் என் ஆடுகளை எல்லாம் விற்று, ஓடைக்கரை இருபது ஏக்கரைச் சுற்றி வேலி போட்டேன். விதைக்கவில்லை, நடவில்லை, உரம் போடவில்லை. சும்மா விட்டேன். மூன்றாவது வருடம் நீலத்தண்டுப் புல் தலைகாட்டியது. இத்தனை காலம் கல்லிடுக்கில் எங்கேதான் ஒளிந்திருந்ததோ! ஏழாவது வருடத்தில் அது என் தோளைத் தொட்டது. பெய்த மழை ஓடிப்போகாமல் உள்ளே இறங்க ஆரம்பித்தது. அப்பா காலத்திலேயே வற்றிப்போயிருந்த ஊற்று திரும்பவும் சுரந்தது.

ஆகஸ்ட் வெயிலில் ஆல்வினின் ஆடுகள் குடித்ததும் அந்தத் தண்ணீர்தான். குழாய் போட்டு மேட்டுக்கு அனுப்பினேன். அவன் நன்றி சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. பிள்ளை குட்டி இல்லாதவள் நான். இந்த உலகத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அந்த இருபது ஏக்கர்தான். அதற்காக எவனோடும் மல்லுக்கு நிற்பேன்.

நின்றேன். ஆனால் வந்தது ஆடு இல்லை, வரி.

நிலவரி ஆபீசிலிருந்து டெசா என்று ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும், வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தாள்.

“மேடம், இங்க என்ன விவசாயம் பண்றீங்க?”

“கண்ணு தெரியலையா? புல்லு.”

“புல்லு இருக்கு. அதை எது மேயுது?”

“எதுவும் மேயலை. அதனாலதான் இருக்கு.”

“வெட்டி விக்கிறீங்களா?”

“இல்லை.”

“அப்ப இது விவசாயம் இல்லை மேடம். சும்மா கிடக்கிற நிலம்.”

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. “சும்மாவா? அந்த ஊத்துல கையை வச்சுப் பாரு தாயே. நீ குடிக்கிற தண்ணி எங்கேருந்து வருதுன்னு நெனைக்கிற, உங்க ஆபீஸ் குழாயிலயே ஊறுதா?”

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. “எனக்குத் தெரியும் மேடம். ஆனா எங்க ஃபாரத்துல ஊத்துக்குக் கட்டம் இல்லை. ஆட்டுக்குத்தான் இருக்கு.”

விஷயம் இவ்வளவுதான். விவசாய நிலம் என்றால் வரி பெயருக்குத்தான். விவசாயம் இல்லை என்று எழுதிவிட்டால், பட்டணத்துக்காரன் வீடு கட்ட என்ன விலை கொடுப்பானோ அந்த விலைக்கு வரி. அதை என்னைப் போன்றவள் கட்ட வேண்டுமானால் அந்த நிலத்தையே விற்றுத்தான் கட்ட வேண்டும். வாங்குவதற்கு ஆள் தயாராக இருந்தான். பக்கத்து நிலத்தில் ஏற்கனவே பிளாட் போட்டுக் கொடி நட்டிருந்தான். காட்டுப் பறவைக்கும் மானுக்கும் நிலத்தை விட்டாலும் அதே சலுகை உண்டு என்று ஒரு சட்டம் இருக்கிறது. அந்த வேடிக்கையையும் கேளுங்கள்: அதற்கும் முந்தின வருடம் அங்கே விவசாயம் நடந்திருக்க வேண்டும். முதலில் மொட்டையடி, பிறகு முடி வளர்க்க அனுமதி கேள்.

“செப்டம்பர் கடைசியில மறுபடி வரேன் மேடம். அதுக்குள்ள ஏதாவது செய்யுங்க,” என்று டெசா போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே ஆல்வின் வெல்டாவோடு வந்து என் சமையல்கட்டு மேஜையில் உட்கார்ந்தான். “ஒரே மாசம். என் ஆட்டுல நாப்பதை உள்ள விடறேன். அவ வந்து பாத்துட்டுப் போகட்டும்.”

“நாப்பது ஆடு ஒரு மாசத்துல என் ஏழு வருஷத்தையும் தின்னுடும்டா.”

“நிலமே போனா புல்லை வச்சு என்ன பண்ணுவ, தலையில சொருகிப்பியா?”

“உன் ஆடு உள்ள வந்தா கவர்னர் போன வழிதான்.”

“என்னையும் சுடுவியோ?”

“உன்னை எதுக்குச் சுடணும்? உன் கறி அதைவிட மோசம்.”

அவன் நாற்காலியைத் தூக்கி ஜன்னலில் அடித்தான். நான் வாணலியை எடுத்தேன். வெல்டா இரண்டு பேரையும் பார்த்து, உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தாமலே சொன்னாள்: “தேனீ வையுங்களேன். பட்டணத்துலேருந்து வந்தவங்க எல்லாம் அதைத்தான் வைக்கிறாங்க. ஆறு பெட்டி இருந்தா விவசாயம்னு ஒத்துக்கறாங்களாம். தேனீ புல்லைத் தின்னாது.”

வாணலியைக் கீழே வைத்தேன். அவளைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டேன்.

டெல்பர்ட் என்று ஒருவன் தேனீப் பெட்டி வாடகைக்கு விடுகிறான். தேனுக்காக இல்லை, வரிக்காக. பழைய வீட்டுச் சுவரிலும் எண்ணெய் பீப்பாயிலும் கூடு கட்டியிருக்கிற தேனீயைப் பிடித்துப் பெட்டியில் போட்டு, நிலம் நிலமாக இறக்கிவிட்டுப் போய்விடுவான். அப்புறம் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தெற்கேயிருந்து வந்த முரட்டு ஜாதி கலந்த தேனீ இந்தப் பக்கத்தில் எங்கும் பரவிக் கிடக்கிறது. வருடா வருடம் ராணியை மாற்றாவிட்டால் பெட்டி முழுக்க அந்த ரத்தம்தான். அவன் பெட்டி இறக்கும்போது உடுப்புக்கு மேல் உடுப்பாக இரண்டு போட்டிருந்தான்.

“கொஞ்சம் கோவக்காரங்க, மிஸ் நார்லீன்,” என்றான் முகத்தை மூடின வலைக்குள்ளிருந்து.

“பரவாயில்லை, எங்க குடும்பத்துக்கு ஒத்துப்போகும்,” என்றேன்.

ஒத்துப்போகவில்லை. இரண்டாம் வாரம் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மான்குட்டி செத்துக் கிடந்தது. முகம் வீங்கி, கண் மூடி, நாக்கு வெளியே தள்ளியிருந்தது. கேட்டைத் திறந்த என்னையும் தேனீக்கள் வீடு வரைக்கும் துரத்தின. டெல்பர்ட்டைப் போனில் பிடித்துக் கத்தினேன். “ராணியை மாத்தணும், வசந்தத்துல மாத்தித் தரேன். இப்ப கிளறினா உங்க இன்ஸ்பெக்ஷன் போயிடும், பாத்துக்குங்க,” என்றான். அதற்கு அப்புறம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஆல்வினையும் வெல்டாவையும் போகவேண்டாம் என்று சொல்லி வைத்தேன். ஆல்வின் எப்போது நான் சொன்னதைக் கேட்டான்?

டெசா வருவதற்கு முந்தின நாள் காலை. நான் அடுப்படியில் இருந்தேன். ஓடைக்கரையில் டிராக்டர் சத்தம் கேட்டது. வெளியே ஓடிப்போய்ப் பார்த்தால், ஆல்வின் புல்வெட்டியைப் பின்னால் மாட்டிக்கொண்டு கேட்டிலிருந்து பெட்டிகளை நோக்கி வழி வெட்டிக்கொண்டு போகிறான். தோள் உயரப் புல்லுக்குள் பெட்டி மறைந்து கிடக்கிறது, ரோட்டிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது, அந்தப் பெண் வந்து பெட்டி எங்கே என்று கேட்பாளே என்று அவனாகவே நினைத்து, என்னிடம் சொன்னால் நான் புல்லை வெட்டக்கூடாது என்று மேலே விழுவேன் என்று சொல்லாமலே வந்திருக்கிறான். வாழ்நாள் முழுக்க என் புல்லைத் திட்டினவன் அதைக் காப்பாற்றுவதற்காக அந்தக் காரியத்தைச் செய்தான்.

“ஆல்வின்! டேய்! நிறுத்து!” என்று கத்தினேன். டிராக்டர் சத்தத்தில் என்ன கேட்கும்?

தேனீக்கு இஞ்சின் அதிர்வு ஆகாது, வெட்டின புல்லின் வாசனை ஆகாது, டீசல் புகை ஆகாது. மூன்றையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு அவன் அவற்றின் வாசலுக்கே போய்விட்டான். ஆறு பெட்டியும் ஒரே நேரத்தில் வெடித்தன. தூரத்திலிருந்து பார்க்க அவன் தலைமேல் யாரோ கறுப்புத் துணியைப் போட்டது போல இருந்தது. கையை வீசினான். தொப்பி பறந்தது. சீட்டிலிருந்து குதித்து, முழங்காலில் விழுந்து எழுந்து, ஊற்றை நோக்கி ஓடினான். ஆள் இல்லாத டிராக்டர் புல்வெட்டி சுழலச் சுழல நேரே போய் வேலியை அறுத்துக்கொண்டு மேட்டு நிலத்துக்குள் நுழைந்தது. அங்கே நின்ற ஆட்டுக் கூட்டத்துக்குள் புகுந்து இரண்டை அரைத்துத் தள்ளிவிட்டு ஓக் மரத்தில் மோதி நின்றது. ஆடுகளின் அலறலும் இஞ்சினின் உறுமலும் சேர்ந்துகொண்டன.

நான் டிரக்கில் ஏறினேன். கேட்டைத் திறக்கவில்லை, இடித்துக்கொண்டே உள்ளே போனேன். மாற்றிப் போட்ட முன்கண்ணாடியில் தேனீக்கள் மழை மாதிரி வந்து அடித்தன. ஆல்வின் ஊற்றுக் குழியில் குப்புற விழுந்து கிடந்தான். தண்ணீருக்குள் முகத்தை வைத்திருந்தான். மூச்சுக்காகத் தலையைத் தூக்கும்போதெல்லாம் அவை மேலே காத்திருந்து வாய்க்குள் போயின. நான் இறங்கிய நொடியில் என் முகத்திலும் கழுத்திலும் நெருப்பு பிடித்தது. பழுத்த வாழைப்பழ வாசனை குப்பென்று அடித்தது. கொட்டின தேனீ மற்றதைக் கூப்பிடுகிற வாசனை அது. அக்குளில் கை கொடுத்து இழுத்தேன். என் வயதில் அந்த உடம்பை எப்படித் தூக்கினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கொட்டக் கொட்டக் கத்திக்கொண்டே, கெட்ட வார்த்தை எல்லாம் சொல்லிக்கொண்டே, அவனை முன்சீட்டில் திணித்துக் கதவை மூடினேன். கதவுக்கு உள்ளேயும் அவை இருந்தன. ஒரு கையால் ஓட்டி மறு கையால் அவன் முகத்தில் அடித்து அடித்து நசுக்கினேன். அது முகமாகவே இல்லை.

ரோட்டுக்கு வந்ததும் வண்டியை நிறுத்தி அவன் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினேன். தேனீயாக வந்தது. அவன் உதடு அசைந்தது. காதை வைத்தேன்.

“ரோட்டுலேருந்து தெரியுதா?” என்றான்.

“தெரியுதுடா. நல்லாத் தெரியுது. பேசாதே. தெரியுது.”

ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில், வெல்டா போன் பண்ணி வரவழைத்த ஆம்புலன்ஸ் எங்களை எதிர்கொண்டது. அப்போதே அவன் உடம்பில் உயிர் இல்லை. அவர்கள் அவனைக் கீழே கிடத்தி நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்தார்கள். நான் ரோட்டோரத்தில் உட்கார்ந்து, என் முழங்கையிலிருந்த கொடுக்குகளை நகத்தால் சுரண்டிக்கொண்டு, போதும் விடுங்கள் என்று கத்தினேன்.

டெசா போனில் அழைத்தாள். “அடுத்த செவ்வாய்க்கிழமை வரேன் மேடம். துக்கம் முடியட்டும்,” என்றாள். அவள் கெட்டவள் இல்லை. டெல்பர்ட் தேனீயைக் கொல்கிற சோப்புத் தண்ணீர் டாங்கியோடு அன்றைக்கே வந்து நின்றான். ஷெரீப் ஆபீஸில் அந்தப் பெட்டிகளை அழித்துவிடச் சொல்லியிருந்தார்கள். என் முகத்தைப் பார்க்க முடியாமல் பூட்ஸைப் பார்த்தபடி நின்றான். அவனை அடித்துக் கொன்றிருக்க வேண்டும். நான் செய்தது வேறு.

“செவ்வாய்க்கிழமை வரைக்கும் விடு,” என்றேன்.

“மிஸ் நார்லீன்...”

“காது கேக்கலையா? அவ வந்து பாக்கணும். பாத்தப்புறம் கொல்லு. இப்ப தொட்டே, உன்னைச் சுட்டுடுவேன்.”

ஆல்வின் எதற்காகச் செத்தானோ அதுவே கைவிட்டுப் போனால் அவன் வெறும் முட்டாளாகச் செத்ததாக ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி நிஜம். எனக்கு என் புல் வேண்டும், அதுதான் மீதிப் பாதி.

அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் சாப்பாடு. மேஜை நிறைய சாஸேஜ், உருளைக்கிழங்கு சாலட், பீச் கேக். வெல்டா கறுப்பு உடுப்பில் உட்கார்ந்து வருகிறவர்களின் கையை எல்லாம் பிடித்துக்கொண்டிருந்தாள். டெல்பர்ட் அவளிடம் குனிந்து என்னமோ சொல்லி மன்னிப்புக் கேட்டான். அவள் அப்படியே திரும்பி என்னைப் பார்த்தாள்.

“அந்தப் பெட்டி இன்னும் இருக்கா?”

“வெல்டா, செவ்வாய்க்கிழமை வரைக்கும்...”

“என் புருஷனைத் தின்னது இன்னும் உயிரோட இருக்கா?”

“இருக்கு. ஆனா கேளு...”

மேஜையிலிருந்த சாலட் கிண்ணத்தை எடுத்து என் காதோடு சேர்த்து அடித்தாள். கண்ணாடிக் கிண்ணம். நான் மேஜைமேல் விழுந்தேன், மேஜை என்மேல் விழுந்தது. அவள் என் மார்பில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்து இரண்டு கையாலும் மாறி மாறி அறைந்தாள். “புல்லு! புல்லு! புல்லு!” ஒவ்வொரு அறைக்கும் அதே வார்த்தை. நான் தடுக்கவில்லை. முப்பத்தைந்து வருடம் எங்கள் சண்டையை எல்லாம் விலக்கிவிட்டவள் அவள். அன்றைக்கு அவளை விலக்க ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை. கடைசியில் பாதிரியாரும் இரண்டு ஆண்களும் சேர்ந்து தூக்கினார்கள். என் காதுக்குப் பின்னால் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை விடிந்தது. பெட்டிகளைத் தேடி வெல்டா வருவாள் என்று எனக்குத் தெரியும். இரண்டு நாளாகத் தூங்காமல் துப்பாக்கியோடு தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். வெளிச்சம் வந்ததும், தேனீ கிளம்புமுன், வெல்டா கையில் டீசல் கேனோடு மேட்டிலிருந்து இறங்கிவந்தாள். டிராக்டர் அறுத்துவிட்டுப் போன வேலி வழியாக உள்ளே நுழைந்தாள். நானும் போனேன். பெட்டிகளுக்கு முன்னால் நேருக்கு நேர் நின்றோம். உள்ளே அவை முனகிக்கொண்டிருந்தன.

“கேனைக் கீழ வை,” என்றேன்.

“சுடு.”

“வெல்டா, மழை இல்லாம எல்லாம் காஞ்சு கிடக்கு. தீ வைக்கக் கூடாதுன்னு ஊர் முழுக்கத் தடை. ஒரு பொறி போதும், இருபது ஏக்கரும் போயிடும்.”

“போகட்டும். சுடு. கிடாயைச் சுட்டியே, அதே மாதிரி நெத்தியில சுடு. ஒரு வாரமா எனக்கும் அதுதான் வேணும்.”

துப்பாக்கியை அவள்மேல் நீட்டியிருந்தேன். ஆமாம், நீட்டித்தான் இருந்தேன். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டி பெட்டியாக டீசலை ஊற்றினாள். லைட்டரை எடுத்துத் தட்டினாள். பற்றவில்லை. மறுபடியும் தட்டினாள். பற்றவில்லை. அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. அவள் போட்டிருந்தது ஆல்வினின் கோட்டு. கை இரண்டு மடிப்பு மடித்துவிட்டிருந்தது. அதைப் பார்த்ததும் என் வீம்பு எல்லாம் எங்கேயோ போய்விட்டது. என் தம்பி போய்விட்டான் என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது. அவனைக் கொன்றதுகளை நான் காவல் காத்துக்கொண்டு நிற்கிறேன்!

துப்பாக்கியை வீசிவிட்டு, அவள் கையிலிருந்த லைட்டரை வாங்கினேன்.

“காத்து மேட்டுப் பக்கம் அடிக்குது. நீ எனக்குப் பின்னால வந்து நில்லு,” என்றேன். ஒரு தட்டில் பற்றியது.

மெழுகு எரிந்தால் எப்படி எரியும் தெரியுமா? பெட்டி ஒன்றொன்றும் உறுமியது. உள்ளே ஆயிரமாயிரம் சிறகுகள் பொரிகிற சத்தம் கேட்டது. “எரிங்கடா! எரிங்க!” என்று வெல்டா கத்தினாள். நானும் கத்தினேன். தப்பி வந்த நாலைந்தை உள்ளங்கையால் அடித்துக் கொன்றேன், கொட்டினது உறைக்கவில்லை. பிறகு தீ புல்லில் இறங்கியது. ஏழு வருடத்துப் புல். ஆள் உயரத்துக்கு எழுந்து, ஓக் கன்றுகளைச் சுருட்டிக்கொண்டு, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடியது. நாங்கள் ஊற்றுக் குழியில் இடுப்புத் தண்ணீரில் நின்று பார்த்தோம். நான் வாய்விட்டு அழுதேன். எதற்கு அழுதேன் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மேட்டு வேலியில் போய்த் தீ நின்றுவிட்டது. அதற்கு அப்பால் ஆல்வினின் நிலம். அங்கே எரிவதற்கு ஒரு துரும்பு இல்லை, ஆடு எல்லாவற்றையும் எப்போதோ தின்றாகிவிட்டது. ஊர்த் தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்தபோது அணைக்க ஒன்றும் இல்லை. ஓட்டிவந்தவர்கள் எங்கள் இரண்டு பேர் கோலத்தையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கொஞ்சம் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டுப் போனார்கள்.

பத்து மணிக்கு டெசாவின் வெள்ளை டிரக் தூரத்து வளைவில் தெரிந்தது. நான் கரியில் உட்கார்ந்திருந்தேன். “முடிஞ்சுது. வரட்டும், எழுதட்டும். வித்துட்டுப் போறேன்,” என்றேன்.

வெல்டா முகத்தை ஆல்வினின் கோட்டுக் கையால் துடைத்தாள். “அவன் சும்மாவா செத்தான்?” என்றாள். எழுந்து மேட்டுக்குப் போய், டிராக்டர் வேலியை அறுத்த நாளிலிருந்து அடைத்து வைத்திருந்த பட்டியைத் திறந்துவிட்டு, விரலை வாயில் வைத்து ஆல்வின் அடிக்கிற அதே விசிலை அடித்தாள். ஆடுகள் திமுதிமுவென்று இறங்கிவந்தன. அறுந்த வேலி வழியாக, புதுக் கிடாய் செனட்டர் முன்னால் வர, நாற்பதுக்கு மேல் என் நிலத்துக்குள் வந்து நின்றன. குளம்பு பட்ட இடமெல்லாம் சாம்பல் பறந்தது. கறுத்த தரையை முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லாமல், எங்களைப் பார்த்துக் கத்தின.

டெசா இறங்கினாள். எரிந்த பெட்டிகளைப் பார்த்தாள். என் வீங்கின முகத்தையும், வெல்டாவின் கோட்டையும் பார்த்தாள். இருபது ஏக்கர் சாம்பலையும் அதன்மேல் பட்டினியாக நிற்கிற ஆடுகளையும் ரொம்ப நேரம் பார்த்தாள்.

“மேடம்,” என்றாள் மெதுவாக. “ஆடு மேயுதா?”

“கண்ணு தெரியலையா?” என்றாள் வெல்டா.

டெசா பேனாவை எடுத்தாள். “தெரியுது. ரோட்டுலேருந்தே தெரிஞ்சுது,” என்று சொல்லி ஆட்டுக் கட்டத்தில் ஒரு டிக் போட்டாள். புல் நின்றபோது விவசாயம் இல்லை. சாம்பலில் ஆடு நின்றதும் விவசாயம். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியாமல் உதடு கிழிந்திருந்தது.

அவள் வண்டி வளைவைத் தாண்டியதும் வெல்டா எழுந்தாள். “வேர் உயிரோடதானே இருக்கு?” என்று கேட்டாள்.

“ஆழத்துல இருக்கு. தீ அதுவரைக்கும் போகாது. ஒரு மழை பெஞ்சா துளிர்க்கும். ஆனா துளிரை ஆடு கடிச்சா அதோட சரி.”

“அப்ப எந்திரி.”

இரண்டு பேரும் கத்திக் கத்தி ஆடுகளை மேட்டுக்கு விரட்டினோம். எல்லாம் போயிற்று. செனட்டர் மட்டும் போகவில்லை. ஊற்றுக் கரையில், ஆல்வின் விழுந்து கிடந்த இடத்தில், தீ தொடாமல் விட்ட ஒரு பிடி பச்சைப் புல் இருந்தது. காலை அகட்டி நின்றுகொண்டு அதைக் கடித்தது.

“நார்லீன், உன் துப்பாக்கி எங்க?” என்றாள் வெல்டா.

“அங்க கரியில கிடக்கு.”

போய் எடுத்துவந்தாள். கட்டை கருகியிருந்தது. தோளில் வைத்தாள், அவள் வாழ்க்கையில் துப்பாக்கியைத் தொட்டதில்லை, தலைகீழாகப் பிடிக்காததே பெரிய விஷயம். செனட்டர் மென்றுகொண்டே அவளைப் பார்த்தது. ஆல்வின் புட்டியில் பால் கொடுத்து வளர்த்த குட்டி அது. அவள் குழலைத் தாழ்த்தினாள். அப்படியே சாம்பலில் உட்கார்ந்து, துப்பாக்கியை மடியில் போட்டுக்கொண்டு, அடக்கத்தின்போது அழாத அழுகையெல்லாம் அழுதாள்.

நான் செனட்டரை இரண்டு கொம்பிலும் பிடித்தேன். அது என் வயிற்றில் முட்டியது, நான் அதன் காதைக் கடித்தேன். இழுத்து, விழுந்து, மறுபடி இழுத்து, வேலி வரைக்கும் கொண்டுபோய் உதைத்து அந்தப் பக்கம் தள்ளினேன். வெல்டா வந்து அறுந்த கம்பியின் ஒரு முனையைப் பிடித்தாள். நான் மறு முனையைப் பிடித்து முறுக்கினேன். முறுக்கி முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். உள்ளே ஓர் ஆடும் இல்லை.